வெரோனாவின் காதலர்களும் இளையோருக்கான பாடமும்

ரோமியோ ஜூலியட் கதையிலிருந்து இளையோருக்குப் பாடம் எடுக்கும் வழக்கம் ஷேக்ஸ்பியரைவிடப் பழையது. அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1562இல், ஆர்தர் புரூக் என்ற ஆங்கிலக் கவிஞர் இந்தக் கதையை 3,000 அடிகளைத் தாண்டிய நெடும்பாட்டாக வெளியிட்டார். நூலின் முகப்பில் வாசகருக்கு ஓர் எச்சரிக்கையும் எழுதிச் சேர்த்தார். பெற்றோர் சொல்லையும் பெரியோர் அறிவுரையையும் மீறி, வம்பளக்கும் கிழவியையும் மூடநம்பிக்கை பரப்பும் துறவியையும் நம்பி, ஆசை போன வழியில் போன இருவர் அழிந்த கதை இது, படிப்பவர் இதைக் கண்டு தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குப் பின் வந்த நான்கரை நூற்றாண்டுகளில் கதையின் எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. அதிலிருந்து எடுக்கப்பட்ட பாடம் பலமுறை மாறியது. அது யாருக்கான பாடம் என்பதும் மாறியது.

கதை பிறந்த இடம் இத்தாலி. 1476இல் வெளியான மசூச்சோ சலெர்னித்தானோவின் கதைத் தொகுப்பில் அதன் பழைய வடிவம் ஒன்று உள்ளது. அங்கே ஊர் சியேனா. காதலர் பெயர் மரியோத்தோ, ஜனோட்சா. பணம் வாங்கிக்கொண்டு ஒரு துறவி அவர்களுக்கு இரகசியமாக மணம் செய்து வைக்கிறார். ஒரு சண்டையில் கொலை நேர்ந்துவிட, மரியோத்தோ கடல் கடந்து அலெக்சாந்திரியாவுக்குத் தப்பி ஓடுகிறான். வேறு மணத்துக்கு நெருக்கப்பட்ட பெண் உறக்க மருந்தைக் குடித்து இறந்தவள்போல் கிடக்கிறாள். உண்மையைச் சொல்லப் போன தூதனைக் கடற்கொள்ளையர் பிடித்துவிடுகின்றனர். ஊர் திரும்பிய மரியோத்தோ தலை வெட்டப்பட்டுச் சாகிறான். அவள் துயரத்தில் மடிகிறாள். குடும்பப் பகை என்ற ஒன்று இந்த வடிவத்தில் இல்லவே இல்லை. இருவரும் கெட்டதற்குக் காரணம் களவு மணமும் கெட்ட நேரமும்தான்.

பகையைக் கொண்டுவந்து சேர்த்தவர் லூயிஜி த போர்த்தோ. விச்சென்சாவைச் சேர்ந்த பிரபு, குதிரைப்படைத் தலைவர். வெனிஸ் குடியரசுக்காகப் போரிட்டு 1511இல் ஃப்ரியூலி பகுதியில் படுகாயமடைந்து, உடல் முடங்கிய நிலையில் எழுத்துக்கு வந்தவர். அதே ஆண்டில் அதே ஃப்ரியூலியில் பிரபுக் குடும்பங்களின் பகை தெருக்கொலைகளாக வெடித்திருந்தது. பகை ஒரு ஊரை என்ன செய்யும் என்பதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை. கதையை அவர் வெரோனாவுக்கு மாற்றினார். பார்த்தலோமேயோ தெல்லா ஸ்காலா ஆண்ட காலத்தில், அதாவது 1301க்கும் 1304க்கும் இடையில், நடந்ததாக வைத்தார். மொந்தேக்கி, கப்பெல்லெத்தி என்ற பெயர்களைத் தாந்தேயின் காவியத்தில் அவர் கண்டிருக்க வேண்டும். தாந்தே அவற்றைக் குறிப்பிட்டது அரசியல் பூசலால் சீரழிந்த கூட்டங்கள் என்ற முறையில். காதல் கதை ஏதும் அங்கே இல்லை. த போர்த்தோவின் நூல் அவர் 1529இல் இறந்த பின்னர், 1530ஐ ஒட்டி, வெனிஸில் அச்சாகியது.

மத்தேயோ பந்தெல்லோ என்ற குருவானவர் 1554இல் இக்கதையை விரித்து எழுதினார். 1559இல் பியேர் பொயாஸ்துவோ அதைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனார். இத்தாலிய வடிவங்களில் கணவன் உயிர் பிரிவதற்குள் மனைவி விழித்துக்கொள்வாள், இருவரும் கடைசியாகப் பேசிக்கொள்வார்கள். பிரெஞ்சு வடிவத்தில் அவள் விழிக்கும்போது அவன் இறந்திருப்பான். புரூக்கின் ஆங்கிலப் பாட்டு இந்தப் பிரெஞ்சு வழியில் வந்தது.

இத்தனை பேர் ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எழுதியதற்கு அந்தக் காலத்தின் ஒரு பெரிய வழக்கு காரணமாக இருந்தது. பெண்ணும் ஆணும் மனமொத்துச் சொல் கொடுத்துவிட்டால் அது திருமணம்தான் என்பது இடைக்காலத் திருச்சபைச் சட்டம். பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 நிறைந்திருந்தால் போதும். பெற்றோர் ஒப்புதல் இல்லை என்பதற்காக மணம் செல்லாமல் போகாது. சொத்துள்ள குடும்பங்களுக்கு இது தாங்க முடியாத சட்டமாக இருந்தது. மகளின் கையைக் கொண்டு நிலமும் உறவும் தேடிய தகப்பன்மாருக்கு, ஒரு துறவியின் அறையில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் மணம் பெரும் அச்சம். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குக்குருவும் இரண்டு சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என்று தீர்மானித்தது. திருத்தந்தையின் அதிகாரத்தைத் துறந்துவிட்ட இங்கிலாந்தை அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தவில்லை. அங்கே 1604இன் திருச்சபை விதிகள் 21 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்டன, ஆனால் மீறி நடந்த மணத்தைச் செல்லாததாக்கவில்லை. அந்த ஓட்டை அடைக்கப்பட்டது 1753இல் நாடாளுமன்றம் இயற்றிய திருமணச் சட்டத்தால். புரூக்கின் எச்சரிக்கையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். இளையோரின் ஒழுக்கம் பற்றிய கவலையாக அது தோன்றினாலும், குடும்ப அதிகாரம் கைநழுவுவது பற்றிய கவலையும் அதில் சம அளவு இருந்தது.

இவ்வளவு கடுமையாக முகவுரை எழுதிய புரூக், பாட்டுக்குள் நுழைந்ததும் இளகிவிடுகிறார். காதலர்மேல் அவருக்கு இரக்கம் பொங்குகிறது, விதியை நொந்துகொள்கிறார், துறவியை நல்லவராகவே காட்டுகிறார். முகவுரையும் நூலும் ஒன்றையொன்று மறுக்கின்றன. கதை சொல்லத் தொடங்கியவனுக்குத் தீர்ப்புச் சொல்வது கடினமாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஆயினும் முடிவில் தண்டனைகளை அவர் மறக்கவில்லை. செவிலித்தாய் நாடு கடத்தப்படுகிறாள், மருந்து விற்றவன் தூக்கிலிடப்படுகிறான், துறவி ஊரை விட்டு ஒதுங்கித் தனிமையில் நாளைக் கழிக்கிறார். உதவியவர்கள் தண்டனை பெறுகிறார்கள். பகையை வளர்த்த குலத்தலைவர்கள்மேல் சட்டத்தின் கை படவில்லை.

ஷேக்ஸ்பியர் இதே பாட்டை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் 1590களின் நடுவில் நாடகத்தை எழுதினார். நாடகம் முதலில் 1597இல் குறைபட்ட பதிப்பாகவும், 1599இல் செம்மையான பதிப்பாகவும் வெளிவந்தது. நிகழ்ச்சிகளின் வரிசையை அவர் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் செய்த சில மாற்றங்கள் பாடத்தின் முகத்தையே திருப்பிவிட்டன.

முதல் மாற்றம் காலம். புரூக்கில் கதை ஒன்பது மாதம் நீள்கிறது. காதலர் மணம் முடித்து ஓரிரு மாதம் மறைவாக வாழ்ந்த பிறகே துன்பம் வருகிறது. ஷேக்ஸ்பியரில் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சந்திக்கிறார்கள், திங்கள் பிற்பகல் மணம், அன்றே கொலையும் நாடுகடத்தலும், செவ்வாய் விடியலில் பிரிவு, அன்றிரவு உறக்க மருந்து, வியாழன் விடியும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது. இளமையின் அவசரத்துக்கு இந்த நாடகத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. விருந்துக்குப் போகும்வரை ரோமியோ ரோசலின் என்ற வேறொருத்தியை நினைத்து உணவும் உறக்கமும் இன்றித் திரிகிறான். ஒரே இரவில் அவளை மறந்துவிடுகிறான். துறவியே அதைச் சொல்லிக் கடிந்துகொள்கிறார்.

ஆனால் அவசரம் இளையோருக்கு மட்டும் உரியதாக நாடகத்தில் இல்லை. ஜூலியட் முதல் இரவிலேயே இது மிக வேகமாக நடக்கிறது என்று அஞ்சுகிறாள். அவ்வளவு தெளிவு அங்கே வேறு எவருக்கும் இல்லை. அவள் தந்தை காபுலெட் தொடக்கத்தில் நிதானமானவராகத் தெரிகிறார். மகள் சின்னவள், இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் மனமும் இசைய வேண்டும் என்று, பெண் கேட்டு வந்த பாரிஸ் பிரபுவிடம் சொல்கிறார். மருமகன் முறையுள்ள டைபால்ட் கொலையுண்ட மறுகணம் அந்த நிதானம் போய்விடுகிறது. மகளைக் கேட்காமலே வியாழனுக்கு மணநாள் குறிக்கிறார், பிறகு அதையும் புதனுக்கு முன்னால் தள்ளுகிறார். அந்த ஒரு நாள் முன்தள்ளல் துறவியின் திட்டத்தை நெருக்குகிறது. நாடு கடத்தப்பட்டு மாந்துவாவிலிருக்கும் ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேர இருந்த காலம் குறுகிவிடுகிறது. மெதுவாக நட, ஓடுகிறவன் இடறி விழுவான் என்று உபதேசம் செய்த துறவி லாரன்சும் அதே நாளில் மணத்தை நடத்தி வைக்கிறார். இரு குடும்பத்தையும் இந்த மணம் ஒன்றுசேர்த்துவிடும் என்பது அவர் கணக்கு. நோக்கம் நல்லது. அதைப் பெற்றோரிடம் சொல்லும் துணிவு மட்டும் அவருக்கு இருந்ததில்லை.

இரண்டாவது மாற்றம் வயது. இத்தாலியக் கதைகளில் பெண்ணுக்கு 18 ஆகப் போகிறது. புரூக் அதை 16க்கு இறக்கினார். ஷேக்ஸ்பியர் 14 நிறைய இன்னும் இரு வாரம் இருக்கும் சிறுமியாக்கினார். அக்கால இங்கிலாந்தில் எல்லாரும் அந்த வயதில் மணந்தார்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு, அது தவறு. சட்டம் அனுமதித்தாலும், சாதாரணப் பெண்கள் மணந்த சராசரி வயது 25ஐ ஒட்டி இருந்தது. ஆண்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். ஷேக்ஸ்பியர் 1582இல் 18 வயதில் மணந்தது விதிவிலக்கு, அவர் மனைவி ஆன் ஹாத்தவேக்கு அப்போது 26. எனவே 13 வயது மணப்பெண் அன்றைய லண்டன் பார்வையாளருக்கும் உறுத்தியிருப்பாள். இந்த நாடகம் எழுதப்பட்ட ஆண்டுகளில் ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சூசன்னாவுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். அவள் பிறந்தது 1583. வயதைக் குறைத்ததால் குற்றத்தின் பாரம் இடம் மாறுகிறது. பதினெட்டு வயதுப் பெண் தவறாக முடிவெடுத்தால் அவளைக் கேட்கலாம். பதின்மூன்று வயதுப் பெண் அப்படி முடிவெடுக்கும்போது, சுற்றி இருந்த பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு நாடகம் தரும் விடை மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சியில் இருக்கிறது. முழு நாடகத்திலும் இளையோர் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் மாடக் காட்சியைவிட இதுவே. பாரிசை மணக்க மாட்டேன் என்று ஜூலியட் சொல்கிறாள். தந்தை சீறுகிறார், அடிக்கக் கை துறுதுறுக்கிறது என்கிறார், மறுத்தால் தெருவில் பிச்சையெடுத்துச் சாகட்டும் என்கிறார். தாயிடம் திரும்புகிறாள். ஒரு மாதம், ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் என்று கெஞ்சுகிறாள். இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்று தாய் போய்விடுகிறாள். மிச்சமிருப்பவள் பால் கொடுத்து வளர்த்த செவிலி. இரகசியம் அறிந்தவள், மணத்துக்குத் தூது போனவள். அவளும் பாரிஸ் நல்ல அழகன், அவனையே கட்டிக்கொள் என்கிறாள். ஒருவர் பின் ஒருவராக மூவர் கைவிட்ட பிறகுதான் ஜூலியட் துறவியிடம் கத்தியோடு போய் நிற்கிறாள். கடைசிக் காட்சியில் கல்லறைக்குள் காவலர் வரும் சத்தம் கேட்டதும் துறவியும் அவளை விட்டு ஓடிவிடுகிறார். மறைப்பு வளர்ந்து வளர்ந்து, உண்மையைச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லாத நிலைக்கு அவளைக் கொண்டுவந்தது என்பது உண்மை. அந்த மறைப்பைத் தவிர வேறு வழி அவளுக்கு வைக்கப்படவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

ரோமியோவின் பக்கத்தில் பாடம் வேறு. அவன் உண்மையில் சமாதானம் விரும்புகிறவன். மணம் முடித்து வரும் வழியில் டைபால்ட் வம்புக்கு இழுக்கும்போது வாளை உருவ மறுக்கிறான். நண்பன் மெர்குஷியோ அதைக் கோழைத்தனம் என்று எண்ணித் தான் வாளெடுக்கிறான், விலக்கப்போன ரோமியோவின் கையடியிலேயே குத்துப்பட்டு விழுகிறான். அதற்குப் பிறகு ரோமியோவால் பொறுக்க முடியவில்லை. காதல் தன்னைப் பெண்மைப்படுத்திவிட்டதோ என்று ஒரு கணம் வெட்கப்படுகிறான். அந்தக் கணத்தில் அவன் டைபால்ட்டைக் கொல்கிறான். 1590களின் லண்டனில் இந்தக் காட்சி புனைவாகத் தோன்றியிருக்காது. தெருவில் வாள்சண்டை சாதாரணம். இத்தாலிய முறை வாட்பயிற்சியை வின்சென்ஷியோ சாவியோலோ ஆங்கில நூலாகவே 1595இல் வெளியிட்டார், அதே ஆண்டு தொழில் பழகும் இளைஞர்களின் கலவரங்கள் நகரை உலுக்கின. புரூக்கில் ஓரமாக வந்துபோகும் மெர்குஷியோவை ஷேக்ஸ்பியர் பெரிய பாத்திரமாக வளர்த்ததற்குப் பயன் இங்கேதான் கிடைக்கிறது. நண்பர் கூட்டத்தின் முன் ஆண்மையைக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி ஒரு நல்ல பிள்ளையை எப்படிக் கொலைகாரனாக்குகிறது என்பதை இதைவிட நேராகக் காட்டிய காட்சி அரிது.

கடிதம் போய்ச் சேராததற்குக் கொள்ளைநோய் காரணம். தூது போன துறவி, நோய் கண்ட வீடு என்ற ஐயத்தில் உள்ளே வைத்துப் பூட்டப்படுகிறார். 1592இலும் 1593இலும் நோயால் அரங்குகள் நீண்ட காலம் மூடிக்கிடந்த நகரத்தில் அதை விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இறுதியில் ஆறு பேர் இறந்திருக்கிறார்கள்: மெர்குஷியோ, டைபால்ட், பாரிஸ், காதலர் இருவர், மகன் நாடு கடத்தப்பட்ட துயரில் உயிர்விட்ட மாண்டேகு சீமாட்டி. இளவரசன் இரு குலத்தலைவர்களையும் கூப்பிட்டு, உங்கள் பகையின் விளைவைப் பாருங்கள் என்கிறான். பூசலைக் கண்டும் காணாமல் விட்ட தானும் உறவினரை இழந்து தண்டனை பெற்றதாக ஒப்புக்கொள்கிறான். யாருக்கு மன்னிப்பு, யாருக்குத் தண்டனை என்பதைப் பின்னர் பேசுவோம் என்பதோடு திரை விழுகிறது. புரூக் பெயர் சொல்லி வழங்கிய தண்டனைகள் இங்கே இல்லை. காதலரைக் கண்டிக்கும் சொல்லும் இல்லை. பாடம் கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் தகப்பன்மார்.

இளையோர் இந்நாடகத்தை எப்படி எடுத்துக்கொண்டனர் என்பதற்கு ஒரு பழைய சான்று ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. 1623இல் வெளியான ஷேக்ஸ்பியரின் முதல் பெருந்தொகுப்புப் படி ஒன்று அங்குள்ள பாட்லியன் நூலகத்துக்கு வந்து, வாசகர் பயன்பாட்டுக்குச் சங்கிலியிட்டு வைக்கப்பட்டது. பின்னர் கைமாறிப்போய், 1905இல் அடையாளம் காணப்பட்டு, மறு ஆண்டு பொதுமக்கள் நன்கொடையால் மீட்கப்பட்டது. அதில் மிக அதிகமாகத் தேய்ந்திருந்தவை ரோமியோ ஜூலியட் நாடகத்தின் பக்கங்கள். மாடக் காட்சியை ஒட்டிய தாள் அதிலும் நைந்திருந்தது. அங்கே வந்த வாசகரில் பெரும்பாலோர் இளம் மாணவர். எச்சரிக்கை தேடி அவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

பெரியவர்கள் அவ்வளவு நிம்மதியாக இருக்கவில்லை. 1662இல் நாடகத்தைப் பார்த்த சாமுவேல் பெப்பிஸ், தாம் கேட்டதிலேயே மோசமானது என்று நாட்குறிப்பில் எழுதினார். அக்காலத்தில் காதலர் உயிர்பிழைக்கும் முடிவு ஒன்றை ஜேம்ஸ் ஹாவர்ட் எழுதித்தர, ஒருநாள் சோகமாகவும் மறுநாள் சுகமாகவும் மாற்றி மாற்றி நடித்தார்கள். 1679இல் தாமஸ் ஆட்வே கதையைப் பழைய ரோமாபுரிக்குக் கொண்டுபோய் உள்நாட்டுப் பூசலைப் பற்றிய நாடகமாக்கினார். 1748இல் டேவிட் காரிக் தம் திருத்திய வடிவத்தை மேடையேற்றினார். ஜூலியட்டின் வயது 18 ஆகியது, பிந்தைய திருத்தத்தில் ரோசலின் முற்றாக நீக்கப்பட்டாள், கல்லறையில் காதலர் பேசிக்கொள்ளும் நீண்ட உரையாடல் புதிதாகச் சேர்ந்தது. 1750இல் காரிக்கும் ஸ்பிரேஞ்சர் பாரியும் போட்டி அரங்குகளில் பன்னிரண்டு இரவுகள் ரோமியோவாக நடித்தபோது லண்டன் அலுத்துப்போனது. இந்த வடிவம் ஏறத்தாழ நூறாண்டு மேடையை ஆண்டது. அதன் விளைவு சிறியதன்று. ரோசலின் போனதும் ரோமியோவின் நிலையாமை போயிற்று. வயது ஏறியதும் பெரியவர்களின் பொறுப்பு குறைந்தது. குற்றமற்ற தூய காதல் விதியால் நசுங்கிய கதையாக நாடகம் சுருங்கியது. இன்றும் பலர் மனத்தில் இருக்கும் ரோமியோ ஜூலியட் உண்மையில் காரிக்குடையது. 1845இல் சார்லட் குஷ்மன் என்ற அமெரிக்க நடிகை தாமே ரோமியோவாகவும் தங்கை சூசன் ஜூலியட்டாகவும் லண்டனில் நடித்தபோதுதான் ஷேக்ஸ்பியரின் மூலம் பெருமளவு மேடைக்குத் திரும்பியது.

பிள்ளைகளுக்கென்றே ஷேக்ஸ்பியரைத் தயாரிக்கும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. 1807இல் சார்லஸ் லாம், மேரி லாம் ஆகிய உடன்பிறப்புகள் நாடகங்களை உரைநடைக் கதைகளாக்கினர். துன்பியல் கதைகளை எழுதியவர் சார்லஸ். ஆண்பிள்ளைகளுக்குத் தந்தையின் நூலகம் முன்கூட்டியே திறந்துவிடுகிறது, பெண்பிள்ளைகளுக்கு அப்படியில்லை, ஆகவே முதன்மையாகப் பெண்பிள்ளைகளுக்கே இந்நூல் என்று முன்னுரை சொல்லியது. மெர்குஷியோவின் சிலேடைகளும் செவிலியின் கொச்சைப் பேச்சும் அதில் இல்லை. குடும்பத்தார் முன் உரக்கப் படிக்கக் கூசும் சொற்களை வெட்டி தாமஸ் பௌட்லர் 1818இல் 10 தொகுதிகள் கொண்ட பதிப்பை வெளியிட்டதும் இதே நோக்கில்தான். லாமின் கதைகள் ஆங்கிலக் கல்வியோடு இந்தியாவுக்கும் வந்தன. தமிழகப் பள்ளிகளில் ரோமியோவைப் பலர் முதலில் சந்தித்தது அந்த உரைநடையில்தான்.

தமிழ்த் திரைக்கும் கதை ஒரு வழியில் வந்து சேர்ந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1937இல் வெளியான ‘அம்பிகாபதி’யில், எம். கே. தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் நடித்த காதல் காட்சிகளில் ரோமியோ ஜூலியட்டின் சாயல் வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டது. வசனம் எழுதியவர் இளங்கோவன். கம்பர் மகன் அம்பிகாபதியும் சோழன் மகள் அமராவதியும் என்ற கதையில் இரண்டு குலங்களின் பகை இல்லை, அரசனின் அதிகாரம் இருக்கிறது. நூறு பாடல் பாடி முடிப்பதற்குள் ஒன்றைத் தவறாக எண்ணிவிட்ட அமராவதியின் அவசரம் மட்டும் வெரோனாவின் அவசரத்துக்கு உறவு.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேடையிலும் திரையிலும் முதிர்ந்த நடிகர்களே காதலர்களாக வந்தனர். 1936ஆம் ஆண்டின் ஹாலிவுட் படத்தில் ரோமியோவாக நடித்த லெஸ்லி ஹாவர்ட் நாற்பதைத் தாண்டியவர், ஜூலியட்டான நார்மா ஷேரர் முப்பதைத் தாண்டியவர். இப்படிப்பட்ட நடிப்பில் அழகு இருக்கலாம், வயதின் பாடம் இருக்காது. ஃபிராங்கோ செஃபிரெல்லி 1968இல் பதின்ம வயதினரான ஒலிவியா ஹஸ்ஸியையும் லெனார்ட் வைட்டிங்கையும் நடிக்கவைத்தபோது, தலைமுறை மோதல் உச்சத்திலிருந்த அந்த ஆண்டின் இளைஞர்கள் படத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டனர். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, 1957இல், ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’ இசை நாடகம் கதையை நியூயார்க் தெருக் கும்பல்களுக்கு நகர்த்தியிருந்தது. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் வெள்ளைத் தொழிலாளர் பிள்ளைகளும் ஒரு தெருவுக்காக மோதிக்கொள்கிறார்கள். அதன் நாயகி மரியா இறப்பதில்லை. துப்பாக்கியைக் கையில் வாங்கி இரு கூட்டத்தையும் பார்த்து, உங்கள் வெறுப்புதான் கொன்றது என்று குற்றம்சாட்டிவிட்டு உயிரோடு நிற்கிறாள். ஷேக்ஸ்பியரில் இளவரசன் பேசியதை இங்கே அந்தப் பெண்ணே பேசுகிறாள். ஜூலியட்டுக்குக் கிடைக்காத ஒரு வழியை இளம் பார்வையாளருக்குத் திறந்துவைத்ததில் இந்த மாற்றம் மூலத்துக்கு நேர்மையானது என்றே சொல்ல வேண்டும். இன்றைய வகுப்பறைகளிலும், சாவைக் காதலின் சாதனையாகக் கொள்ளாமல், எந்தெந்த இடத்தில் யார் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அது நேர்ந்திருக்காது என்று காட்சி காட்சியாகத் தேடும் படிப்பு பரவியிருக்கிறது.

உளவியலும் கதையைச் சோதித்துப் பார்த்தது. 1972இல் ரிச்சர்ட் டிரிஸ்கால் முதலிய ஆய்வாளர்கள் 140 இணையரிடம் சில மாத இடைவெளியில் கேள்விகள் கேட்டனர். பெற்றோரின் குறுக்கீடு கூடிய இடத்தில் காதலும் கூடியதாகக் கண்டு, அதற்கு ‘ரோமியோ ஜூலியட் விளைவு’ என்று பெயரிட்டனர். தடுத்தால் தீவிரமாகும் என்ற இந்தக் கருத்து பாடநூல்களில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. 2014இல் காலீன் சின்க்ளேரும் உடன் ஆய்வாளர்களும் அதே அளவுகோல்களைக் கொண்டு மீண்டும் சோதித்தபோது அந்த விளைவு தென்படவில்லை. குடும்பத்தாரும் நண்பர்களும் ஏற்றுக்கொண்ட உறவுகளே உறுதியாக இருந்தன. எதிர்ப்பு உறவை அரித்தது. தடை காதலுக்கு உரம் என்ற நம்பிக்கைக்கு நாடகமும் உண்மையில் இடம் தருவதில்லை. ஜூலியட் விருந்தில் அவனைக் கண்டு மனம் கொடுத்தபோது அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதே அவளுக்குத் தெரியாது.

வெரோனா நகரம் இக்கதையைத் தன் வரலாறாகவே ஏற்றுக்கொண்டது. ஜூலியட்டின் கல்லறை என்று காட்டப்படும் திறந்த கற்பேழை ஒன்று சான் ஃபிரான்செஸ்கோ அல் கோர்சோ மடத்தில் இருக்கிறது. 1816இல் அங்கே வந்த பைரன், மகளுக்கும் உறவுப் பெண்பிள்ளைகளுக்கும் அதிலிருந்து சில துண்டுகளை எடுத்துப்போனார். கப்பெல்லோ தெருவில் ஜூலியட் வீடு என்று பெயர்பெற்ற கட்டடத்தை 1905இல் நகராட்சி வாங்கியது. அருங்காட்சியக இயக்குநர் அந்தோனியோ அவேனா 1930களில் அதைப் புதுப்பித்தபோது இன்று உலகம் அறிந்த மாடம் சுவரில் பொருத்தப்பட்டது. அதே பத்தாண்டில் கல்லறைக் காவலராக இருந்த எத்தோரே சொலிமானி, பார்வையாளர் ஜூலியட்டுக்கு எழுதி விட்டுச்சென்ற கடிதங்களுக்குத் தாமே பதில் எழுதத் தொடங்கினார். இப்போது அந்த வேலையை ‘ஜூலியட் மன்றம்’ என்ற தொண்டர் குழு செய்கிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பல மொழிகளில் கடிதங்கள் வருகின்றன, எழுதியவர்களில் பதின்ம வயதினர் மிகுதி. ஒருதலைக் காதல், பிரிவு, வீட்டாரின் எதிர்ப்பு, சொல்லவா வேண்டாமா என்ற தயக்கம் ஆகியவை அவற்றின் பொருள். புரூக்கின் காலத்தில் பெரியவர்கள் இளையோருக்கு எழுதிய பாடம் இங்கே திசை மாறி, இளையோர் கேட்கும் கேள்வியாகியிருக்கிறது. தொண்டர்கள் ஒவ்வொன்றையும் படித்து, இயன்றவரை எழுதியவரின் மொழியிலேயே, கையால் பதில் எழுதி அஞ்சலில் அனுப்புகின்றனர்.